நோயில்லாதவர் சார்ட் கேட்டு வந்தால்

மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ, கீட்டோ உணவுமுறைக் குழுக்களில் சார்ட் (தினசரி உணவுப் பட்டியல்) எழுதித் தரும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எனக்கு அனுப்பிய படிவத்தில் பதினோரு கேள்விகள் இருந்தன. பெயர், வயது, உயரம், எடை, ஊர், சைவமா அசைவமா. அதற்குப் பிறகு சுகர் உண்டா, பிபி உண்டா, தைராய்டு உண்டா, ஃபேட்டி லிவர் உண்டா, மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா. கடைசி ஐந்துக்கும் ‘இல்லை’ என்று எழுதினேன். வயது 38, உயரம் 157 செ.மீ., எடை 54 கிலோ. அரை மணி நேரத்தில் சார்ட் வந்துவிட்டது. காலையில் பட்டர் டீ, 100 கிராம் வறுத்த பாதாம். மதியம் நெய்யில் நாலு முட்டை, ஒரு காய். இரவு வயிறு நிறையக் கறி அல்லது பனீர். என் நாத்தனாருக்கு முந்தின வருடம் வந்த அதே சார்ட். அவர் அப்போது 81 கிலோ, பத்து வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின்.

இரண்டு சார்ட்டும் ஒன்றாக இருந்தது அன்றைக்கு எனக்கு உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையான நன்றி. என் நாத்தனாரை நீங்கள் காப்பாற்றினீர்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 9.4 இருந்தது, எட்டு மாதத்தில் 6.4க்கு வந்தது. அவருடைய மருத்துவர் பார்த்துப் பார்த்து இன்சுலினைக் குறைத்து, கடைசியில் நிறுத்தினார். காலில் எரிச்சல் என்று ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தவர் இப்போது குலதெய்வம் கோயிலுக்கு நடந்து வருகிறார். காசு வாங்காமல், இரவு பதினோரு மணிக்கும் அவருடைய சந்தேகத்துக்குப் பதில் சொன்னவர்கள் நீங்கள். பத்து வருடம் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தார்களே தவிர, சாப்பாட்டைப் பற்றி அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. அந்த இடத்தை நீங்கள் நிரப்பினீர்கள்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 262 பேருக்கு மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொடுத்து ஒரு வருடம் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி எச்பிஏ1சி 7.6இலிருந்து 6.3க்கு இறங்கியது. பலருக்கு இன்சுலின் குறைந்தது, பலருக்கு நின்றது. ஆனால் அங்கே மருத்துவரும் பயிற்சியாளரும் கூடவே இருந்தார்கள். மருந்தைக் குறைக்க ஆளும் ரத்தத்தைப் பார்க்க ஆளும் இருந்தார்கள்.

என் கதை வேறு. எனக்குச் சரிசெய்ய வேண்டியது எதுவும் இல்லை.

பிறகு ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கே கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். நாத்தனாரின் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் அம்மா வழியில் சர்க்கரை உண்டு. வருவதற்கு முன்பே தடுத்துவிடலாம் என்று நினைத்தேன். குழுவில் “தானியம் மனிதனுக்கான உணவே இல்லை” என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். நான் கும்பகோணம் வட்டத்துக்காரி. குறுவையும் சம்பாவும் தாளடியும் தவிர வேறு காலண்டர் தெரியாத வீட்டில் பிறந்தவள். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மறுபடி சோறோ தோசையோ என்று வளர்ந்த எனக்கு அந்த வரி பயத்தையே கொடுத்தது. முப்பத்தெட்டு வருடமாக விஷத்தையா சாப்பிட்டேன் என்று தோன்றியது. ஆரோக்கியமாக இருந்த ஒருத்தி, தான் ஆரோக்கியமாக இல்லை என்று நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

இந்த உணவுமுறை எங்கே பிறந்தது என்று பின்னால்தான் படித்தேன். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் இதற்குக் கீட்டோஜெனிக் என்று பெயர் வைத்தார். உடல் இளைக்க அல்ல, வலிப்பு நோய்க்காக. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று தெரிந்திருந்தது. பட்டினி போடாமலே உடம்பைப் பட்டினியில் இருப்பதுபோல இயங்கவைக்க முடியுமா என்று அவர் யோசித்தார். மாவுச்சத்தை அடியோடு குறைத்தால் கல்லீரல், கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைச் செய்து மூளைக்கு அனுப்பும். 1938இல் ஃபெனிடோயின் மருந்து வந்ததும் இந்த வைத்தியம் பின்னுக்குப் போனது. பல ஆண்டுகள் கழித்து மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்காகத் திரும்பி வந்தது. லண்டனில் 145 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. மூன்று மாதத்தில், இந்த உணவில் இருந்த குழந்தைகளில் 38% பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கமான உணவில் இருந்தவர்களில் அது 6% மட்டுமே.

இந்தக் குழந்தைகளுக்கு உணவைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். வைட்டமினும் தாதுக்களும் தனியாகக் கொடுக்கிறார்கள். சிறுநீரகக் கல் வருகிறதா, வளர்ச்சி குறைகிறதா, ரத்தக் கொழுப்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை வலிப்பு வரும் குழந்தைக்கு அது நிற்குமென்றால், கல் வரும் ஆபத்தை எந்தத் தாயும் ஏற்றுக்கொள்வாள். தராசின் ஒரு தட்டில் ஆபத்து, இன்னொரு தட்டில் அதைவிடக் கனமான பலன். நாத்தனாருக்கும் அப்படித்தான். என் தராசின் இன்னொரு தட்டில் என்ன இருந்தது? அதை நானும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை.

முதல் பத்து நாள் தலைவலி, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு. உப்புப் போட்டு எலுமிச்சை ஜூஸ் குடிக்கச் சொன்னீர்கள், சரியான ஆலோசனை. மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் இறங்குகிறது, சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடுகிறது, அதனால்தான் அந்த அலுப்பு. மூன்றாம் வாரம் எடை 51 ஆகியிருந்தது. குழுவில் பதிவு போட்டேன், நூற்றுக்கணக்கில் பாராட்டு வந்தது. அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. நம் தசையிலும் கல்லீரலிலும் சுமார் 500 கிராம் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சேமிப்பு கரையும்போது தண்ணீரும் போகும். 81 கிலோ உள்ளவருக்கு அது தொடக்கம், அதன்பின் கொழுப்பும் கரையும். 54 கிலோ உள்ள என்னிடம் கரைய அதிகம் இல்லை. நான் எடை குறைக்கவே வரவில்லை என்பதை அந்தப் பாராட்டு மழையில் நானே மறந்துபோனேன்.

நன்றாக இருந்ததையும் சொல்ல வேண்டும். பதினோரு மணிக்கு வகுப்பில் வரும் பசி வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கவில்லை. திருத்தும் தாள் கட்டோடு சாயங்காலம் வரை உட்கார முடிந்தது. இது என் அனுபவம், பொய்யில்லை. ஆனால் அதில் எவ்வளவு கீட்டோனால் வந்தது, எவ்வளவு மாலை பஜ்ஜியையும் இரண்டு சர்க்கரை டீயையும் விட்டதால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்களும் பிரித்துச் சொல்ல முடியாது.

நான்காம் மாதம் ரத்தம் கொடுத்தேன். ஆரம்பிப்பதற்கு முன் பள்ளியில் நடந்த முகாமில் எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 88இலிருந்து 61. நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் 52இலிருந்து 74. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் 98இலிருந்து 211.

குழுவில் போட்டேன். வந்த பதில்களை நான் அழிக்கவில்லை, இப்போதும் வைத்திருக்கிறேன். “வாழ்த்துகள் சகோதரி, ட்ரைகிளிசரைடு எச்டிஎல் விகிதம் அருமை.” “எல்டிஎல்லைப் பார்க்காதீர்கள், அது மருந்து கம்பெனிகள் கட்டிய கதை.” “பெரிய துகள் எல்டிஎல், பஞ்சு மாதிரி, ஒன்றும் செய்யாது.” “ஒரு வருடத்தில் தானாக இறங்கும்.” யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு எல்டிஎல் ஏறவே இல்லை.

ஏன் ஏறவில்லை என்பதுதான் இந்த மடலின் மையம். தயவுசெய்து இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

எடை மிக அதிகம் உள்ளவர்களுக்கு இந்த உணவில் எல்டிஎல் பெரும்பாலும் ஏறுவதில்லை, சிலருக்குக் கொஞ்சம் இறங்கவும் செய்கிறது. ஒல்லியாக, ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குத்தான் ஏறுகிறது. 41 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் வெளியான கட்டுரையின் முடிவு இது. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 25க்குக் கீழே உள்ளவர்களின் ஆய்வுகளில் எல்டிஎல் தெளிவாகக் கூடியது. 25க்கும் 35க்கும் இடையே உள்ளவர்களிடம் மாற்றமில்லை. அதற்கு மேலே உள்ளவர்களிடம் சற்று குறைந்தது. இதை எழுதியவர்கள் கீட்டோவின் எதிரிகள் இல்லை. அவர்களில் ஒருவர் தானே கீட்டோ உணவில் இருப்பவர். நார்வேயில் சரியான எடையுள்ள இளைஞர்கள் முப்பது பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. நாளுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்தில் மூன்றே வாரம் இருந்தவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 44% கூடியது. ஸ்வீடனில் சரியான எடையுள்ள இளம்பெண்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2021இல் வெளியானது. கடைசிவரை நின்ற 17 பேரில் ஒருவர்கூட விடாமல் எல்லோருக்கும் ஏறியது. சராசரி ஏற்றம் நம் ஊர் லேப் கணக்கில் சொன்னால் 70 மில்லிகிராம்.

ஆக, உங்கள் குழுவில் சர்க்கரையும் எடையுமாக வந்து நலம் பெற்றவரின் அனுபவம் எனக்குப் பொருந்தாது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பு வேறு, என் உடம்பு வேறு. ‘எனக்கு ஏறவில்லை, உனக்கும் ஏறாது’ என்று ஒரு குண்டானவர் ஒல்லியானவரிடம் சொல்வது, இந்த ஒரு விஷயத்தில், ஆபத்தான ஆறுதல்.

எல்டிஎல் கட்டுக்கதை என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய இதயத் தமனி நோய் வல்லுநர்கள் 2017இல் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளை வைத்து, எல்டிஎல் இதயத் தமனி அடைப்புக்குக் காரணமே என்று அதில் முடிவு சொன்னார்கள். அதில் என்னை உலுக்கியது பரம்பரை பற்றிய பகுதி. மரபணுவிலேயே எல்டிஎல் குறைவாகப் பிறந்தவர்கள், மருந்தே தொடாமல், வாழ்நாள் முழுவதும் மாரடைப்பு குறைவாக இருக்கிறார்கள். அதிகமாகப் பிறந்தவர்கள் இளமையிலேயே அடைப்புக்கு ஆளாகிறார்கள். இதில் எந்த மருந்து கம்பெனியின் கையும் இல்லை. எவ்வளவு ஏறியது என்பதோடு எத்தனை வருடம் அப்படி இருந்தது என்பதும் சேர்ந்துதான் கணக்கு. அறுபது வயதில் சர்க்கரைக்காகக் கீட்டோ தொடங்குபவருக்கும், முப்பத்தெட்டில் காரணமில்லாமல் தொடங்கி ‘வாழ்க்கைமுறை’ என்று முப்பது வருடம் தொடரப் போகிறவருக்கும் அந்தக் கணக்கு ஒன்றாகாது. ஆரோக்கியமானவர்கள் பத்து, இருபது வருடம் கீட்டோவில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லும் நீண்ட சோதனை எதுவும் இல்லை. அந்தச் சோதனையில் நாங்கள்தான் இருக்கிறோம், கையெழுத்துப் போடாமல்.

இனி அப்பாவைப் பற்றி.

என் அப்பா 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். நாற்று முடியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், பீடி சிகரெட் கிடையாது. சாவு வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. “இப்படி ஒடிசலா இருந்தவருக்கு எப்படி?” அந்தக் கேள்விக்குப் புனேயின் மருத்துவர் யாஜ்னிக் ஒரு படத்தில் பதில் வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் அவரும் லண்டனின் மருத்துவர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் வந்தது. இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3தான். யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக் உடம்பில் 21.2%. பார்வைக்கு மெலிந்து, உள்ளே கொழுப்பு மண்டிய உடம்பு நம்மில் பலருக்கு வாய்த்தது. வெளிநாட்டில் 25 வரை சரி என்று சொல்லும் பிஎம்ஐக்கு இந்தியர்களுக்கு 23 என்று கோடு போட்டது இதனால்தான். எடை சரியாக இருக்கிறது, சர்க்கரை இல்லை என்பது மட்டுமே ஒருவரை ‘ஆரோக்கியமானவர்’ ஆக்கிவிடாது. என் பிஎம்ஐயும் அப்போது 22க்குப் பக்கம்தான்.

உங்கள் படிவத்தில் அப்பா எப்படி இறந்தார் என்ற கேள்வி இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன். எழுதும்போதே என் கை நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதைக் கேட்டவர் எங்கள் ஊரில் ஐம்பது ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கும் ஒரு வயதான மருத்துவர். 211ஐப் பார்த்துவிட்டு அவர் கீட்டோவைத் திட்டவில்லை. “அப்பா அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உனக்கு இது என்னத்துக்கும்மா?” என்றார். எனக்குப் பதில் இல்லை. மாத்திரை எழுதவில்லை. முதலில் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், பத்து வாரம் கழித்து வா என்றார். வெண்ணெய் டீயை நிறுத்தினேன். நெய் ஒரு ஸ்பூனுக்கு வந்தது, சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலெண்ணெயும். வாரம் மூன்று நாள் மீன். மதியம் ஒரு கரண்டி சோறு, நிறையக் காய், பருப்பு. ராத்திரி சுண்டலோ பாசிப்பயறோ. பத்து வாரத்தில் எல்டிஎல் 112. பசியும் தூக்கமும் கீட்டோவில் இருந்தபோது எப்படி இருந்தனவோ ஏறக்குறைய அப்படியே இருந்தன, ஏனென்றால் பஜ்ஜியும் சர்க்கரை டீயும் திரும்பி வரவில்லை.

குழுவில் அடிக்கடி வரும் வேறு இரண்டு பேச்சுகளும் ஆரோக்கியமானவரைத்தான் இழுக்கின்றன. ஒன்று, ஆதிமனிதன் இப்படித்தான் சாப்பிட்டான் என்பது. வடதுருவத்து எஸ்கிமோக்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அந்த மக்களிடமும் வடகிழக்கு சைபீரிய மக்களிடமும் பரவலாகக் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் கீட்டோன் உற்பத்தியைக் குறைக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கறியும் கொழுப்பும் மட்டுமே கிடைத்த இடத்திலேயே உடம்பு கீட்டோனிலிருந்து விலகும் வழியைத் தேடியிருக்கிறது. காவிரிக் கரையில் தலைமுறை தலைமுறையாக நெல் தின்ற என் உடம்புக்கு அவர்கள் எப்படிச் சாட்சியாவார்கள்?

இன்னொன்று, ஸ்டாமினா கூடும் என்பது. என் பள்ளியில் கபடி ஆடும் பையன்கள் யாரோ சொல்லக் கேட்டு இதை ஆரம்பித்திருந்தார்கள். அதனால் இதை விடாமல் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் என்ற ஆய்வாளர், உலகத் தரம் வாய்ந்த வேகநடை வீரர்களை வைத்துச் செய்த சோதனை 2017இல் வந்தது. கீட்டோ உணவில் இருந்தவர்கள் கொழுப்பை அபாரமாக எரித்தார்கள், அது உண்மை. ஆனால் அதே வேகத்துக்கு அவர்களுக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. மாவுச்சத்து சாப்பிட்டவர்கள் பயிற்சியால் பத்து கிலோமீட்டர் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள், கீட்டோக்காரர்களால் முடியவில்லை. பதினைந்து வயதுப் பையன், வளரும் உடம்பு, மைதானத்தில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு வந்து காலிஃபிளவரைத் துருவிச் சோறு என்று தின்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் மருத்துவர் சொல்லாமல் சார்ட் கிடையாது என்று நீங்கள் ஒரு வரி எழுதி வைத்தால் அந்த வேலையை நான் செய்ய வேண்டியிருக்காது.

பாலூட்டும் தாய்மாரையும் சொல்ல வேண்டும். பிரசவ எடை குறைய வேண்டும் என்று வருகிறார்கள். சுகர் இல்லை, பிபி இல்லை, படிவத்தின்படி ஆரோக்கியமானவர்கள். ஆனால் பாலுக்காக அவர்கள் உடம்பு நாள்தோறும் நிறையச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. அந்த நிலையில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தி, ரத்தம் அமிலமாகி, தீவிர சிகிச்சைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் ‘பால் கொடுக்கிறீர்களா’ என்று கேட்க மூன்று விநாடி போதும்.

வீட்டுக் கணக்கையும் நினைத்துப் பாருங்கள். மாதம் மூன்று கிலோ பாதாம், ஒரு நாளைக்கு நாலு முட்டை, பனீர், நெய். ஒரு ஆசிரியை சம்பளத்தில் ஒருத்தி மட்டும் இப்படிச் சாப்பிட்டால் மற்ற நாலு பேர் தட்டில் எது குறையும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் குறைத்தவள் நான். அந்த வருடம் பொங்கலுக்கு அம்மா புது அரிசியில் பொங்கி ஒரு கை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. அப்பா போன பிறகும் அவள் நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டு வருடா வருடம் அந்த ஒரு மூட்டையை வாங்கி வைப்பவள். ஒன்றும் சொல்லாமல் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். நாத்தனார் வாங்காமல் இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. நான் வாங்காமல் இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நாம் சோறு அதிகம் தின்கிறோம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. நம் நாட்டில் ஒரு நாள் ஆற்றலில் 50 முதல் 70% வரை தானியத்திலிருந்தே வருகிறது, அது 45%ஐத் தாண்டக் கூடாது என்கிறது. பருப்பு, பயறு, கறி, மீனைக் கூட்டச் சொல்கிறது. மொத்தக் கொழுப்பு 30%க்குள் இருக்கட்டும் என்கிறது. எழுபதிலிருந்து நாற்பத்தைந்துக்கு வருவதே நம் வீடுகளில் பெரிய புரட்சி. அந்தப் புரட்சியை மக்களிடம் கொண்டுபோக உங்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. மாவுச்சத்து என்றால் என்ன, எதில் எவ்வளவு இருக்கிறது, லேபிளை எப்படிப் படிப்பது என்று நம் ஊர்ப் பெண்களுக்கு உங்களைப்போல எளிமையாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் இல்லை. ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே மருந்துச் சீட்டு. வந்தவர் நோயாளியோ இல்லையோ அதையே கொடுக்கிறீர்கள்.

ஆரோக்கியமான யாரும் கீட்டோ செய்யவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வயது வந்தவர், விவரம் தெரிந்து, தனக்குப் பிடித்திருக்கிறது என்று தேர்ந்தெடுத்தால் அது அவர் உரிமை. எல்டிஎல் ஏறாமல், சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. என் வேண்டுகோள் அவர் உண்மையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான். அதற்கு உங்களிடமிருந்து சில விஷயங்கள் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று வந்தால், உடனே சார்ட் அனுப்பாதீர்கள். எதற்காக வேண்டும் என்று கேளுங்கள். ‘சும்மா, ஆரோக்கியத்துக்கு’ என்றால், இனிப்பையும் மைதாவையும் பொரித்ததையும் விட்டு, சோற்றைப் பாதியாக்கி, மூன்று மாதம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தேவையானது அதிலேயே கிடைத்துவிடும். அப்படியும் கீட்டோதான் வேண்டும் என்பவரிடம், பெற்றோர், உடன்பிறந்தவர்களில் இளவயதில் மாரடைப்பு உண்டா என்று கேளுங்கள். தொடங்கும் முன் ஒரு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஒன்று, இது இல்லாமல் தொடரக் கூடாது என்று கண்டிப்பாக இருங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், மருத்துவர் சொன்னால்கூடக் கேட்காதவர்கள் உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். எல்டிஎல் ஏறினால் விகிதத்தைக் காட்டி வாழ்த்துச் சொல்லாமல், வெண்ணெயையும் நெய்யையும் குறைத்துக் கொஞ்சம் மாவுச்சத்தைக் கூட்டச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அப்புறம், வெளியே வருவது எப்படி என்றும் சொல்லிக் கொடுங்கள். உள்ளே நுழைய ஆயிரம் பதிவு இருக்கிறது, வெளியேற ஒரு பதிவு இல்லை. நான் ஒரு கரண்டி சோறு சாப்பிடத் தொடங்கியதை எழுதியபோது, “மன உறுதி இல்லாதவர்கள் இப்படித்தான்” என்று ஒருவர் போட்டார். அதை நீங்கள் யாரும் நீக்கவில்லை. எனக்கு மன உறுதி இருந்தது, அண்ணா. 211ஐப் பார்த்த பிறகு அப்பாவை நினைத்துக்கொண்டு பழக்கத்தை மாற்ற அது வேண்டியிருந்தது.

என் மூன்று ரிப்போர்ட்டுகளையும், பெயரை மறைத்து, இந்த மடலோடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். 98, 211, 112. ஒருத்தியின் எண்கள் எதையும் நிரூபிக்காது, கணக்கு டீச்சரான எனக்கு அது தெரியும். ஆனால் உங்கள் குழுக்களில் பல வருடத்து ரிப்போர்ட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பிஎம்ஐ 23க்குக் கீழே இருந்து தொடங்கியவர்களுடையதை மட்டும் தனியாக எடுத்து, எல்டிஎல்லை முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் வந்து கூட உட்காருகிறேன். வந்த முடிவு எதுவானாலும் குழுவில் போடுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார், 26 வயது. நான் மெலிந்து தெம்பாக இருந்த காலத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, அந்த சார்ட் யார்கிட்ட வாங்குனீங்க?” என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஒரு தடவை செய்துபார்க்க ஆசையாக இருக்கிறது என்கிறார். அவருடைய அப்பாவுக்கு 48 வயதில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை உங்களுக்குப் படிவம் அனுப்பப் போகிறார். கடைசி ஐந்து கேள்விக்கும் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்.

அன்புடன்,
கும்பகோணம் வட்டத்திலிருந்து உங்கள் பழைய மெம்பர் ஒருத்தி